வாதாம் இலை கொட்டும் மாதம்

சாம்பல் புதன்

தெருமுனை வாதாம் மரம் கொட்டத் தொடங்கிவிட்டது. போன வாரம் வரை பச்சையாக இருந்த இலைகள் செம்பு நிறமாகி, பிறகு அடர்சிவப்பாகி, ஒவ்வொன்றும் அப்பளம் அகலத்துக்குத் தார்ச்சாலையில் விழுகின்றன. "தெனம் ரெண்டு மூட்டை ஆவுதும்மா" என்கிறார் தெரு பெருக்கும் அக்கா. மரத்தை வெட்டச் சொல்லி யாரோ மனு கொடுத்திருக்கிறார்களாம். கொஞ்ச நாள் பொறுத்தால் போதும். மொட்டைக் கிளை நுனிகளில் தளிர்கள் கூம்பி மேல்நோக்கி நிற்கும், ஏற்றாத மெழுகுவத்திகள் மாதிரி.

காலை ஆராதனையில் ஆயர் சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. நாம் "லெந்து நாட்கள்" என்கிறோமே, அந்த லெந்து என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் உபவாசம் என்றோ துக்கம் என்றோ பொருள் இல்லையாம். வசந்தகாலம் என்றுதான் பொருளாம். குளிர்நாட்டில் பகல் நீளத் தொடங்கும் பருவம். நீளுதல் என்ற வேரிலிருந்து வந்த சொல். நாற்பது வருடமாக அந்த வார்த்தையைச் சொல்லி வந்திருக்கிறேன், அதற்குள் ஒரு தளிர் இருப்பது தெரியாமல். கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்பார்கள். அதுவும் நல்ல சொல். ஆனால் இந்த வருடம் எனக்கு லெந்துதான்.

அடுத்த நாள்

தமிழ்க் கணக்கில் வசந்தம் என்றால் இளவேனில், சித்திரையும் வைகாசியும். சென்னைக்கு மேற்கே அந்த இரண்டு மாதமும் இருக்கிற வெயிலில் "இளம்" என்று சொல்ல வாய் வராது. எங்கள் பக்கத்து வசந்தம் பின்பனியில், மாசி பங்குனியில் வந்துவிடுகிறது. வாதாம் கொட்டித் தளிர்க்கும். புங்கை ஒரு வாரம் மொட்டையாக நின்று, அடுத்த வாரம் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். வேம்பு அதற்குப் பின்னால் வரும்.

எனக்கு ஆச்சரியம் இதுதான். மழை நின்று மாதங்கள் ஆகிவிட்டன. அடுத்த மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கிணறு இறங்குகிறது, லாரித் தண்ணீர் விலை ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து இந்த மரங்கள் புது இலை விடுகின்றன. குளிர்நாட்டு மரம் பனி உருகிய பிறகு, தண்ணீரும் வெயிலும் வந்த பிறகு தளிர்க்கிறது. நம் ஊர் மரம் கோடைக்கு முன்பே, ஆழத்து வேரையும் உடம்பில் சேர்த்து வைத்த நீரையும் நம்பித் தளிர்க்கிறது. நம் பள்ளிப் பாட்டுப் புத்தகத்து வசந்தம் இரவல் வாங்கியது. இது நம்முடையது, நம்பிக்கை என்பதற்கு இன்னும் நெருக்கமானது.

செவ்வாய், இரவு

வாரத்தில் இரண்டு மாலை பார்வையற்ற ஒரு தம்பிக்குப் படித்துக் காட்டுகிறேன். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து, இப்போது நகரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு.

செல்போனே படித்துக் காட்டும் காலத்தில் ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள். உண்மைதான், அவர் போனில் டாக்பேக் ஓடுகிறது. நமக்குப் புரியாத வேகத்தில் அது பேச, அவர் பஸ்ஸில் வரும்போதே நாலு கட்டுரை கேட்டுவிடுவார். ஆனால் அவருக்குக் கிடைக்கும் தமிழ்ப் பாடக்குறிப்புகள் பாதி ஜெராக்ஸ், பாதி யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. நம் கண்ணுக்கு அது சுத்தமான தமிழ். போனுக்கோ வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. "சோழர்" என்று எழுதியிருக்கும் இடத்தில் அது என்னென்னவோ உளறும். அதனால்தான் ஒரு குரல் வேண்டியிருக்கிறது. நான் படிக்கிறேன், அவர் போனில் பதிவு செய்துகொள்கிறார். பரீட்சை நெருங்கும்போது அந்தப் பதிவுகளை விடுதியில் ஐந்தாறு பேர் கேட்கிறார்களாம்.

பரீட்சை எழுத நான் போக முடியாது. 2018-இல் வந்த விதிப்படி, மாணவர் தாமே அழைத்து வருகிற எழுத்தர் படிப்பில் அவரைவிட ஒரு படி குறைந்தவராக இருக்க வேண்டும். அதனால் பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டுப் பெண் ஸ்க்ரைபாகப் போகிறாள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி. நாலு மணி நேரம் இன்னொருவர் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது எவ்வளவு கடினம் என்று அவள் வந்து சொன்னாள். "பதில் தப்புன்னு எனக்குத் தெரியுது ஆன்ட்டி. ஆனா திருத்தக் கூடாதுல்ல?" கூடாதுதான். தன் கையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அறிவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதில் அதைக் கற்றுக்கொண்டு வருகிறாள்.

லெந்து இரண்டாம் ஞாயிறு

இன்று எரேமியாவின் அழைப்பு வாசித்தார்கள். சிறுவன், எனக்குப் பேசத் தெரியாது என்கிறான். கர்த்தர் அவன் வாயைத் தொடுகிறார். அதற்கப்புறம் முதல் கேள்வி: என்ன பார்க்கிறாய்? அவன் பார்ப்பது ஒரு வாதுமைக் கிளை.

எரேமியாவின் நாட்டில் வாதுமைதான் குளிர் முடியும்முன் முதலில் பூக்கும் மரம். எபிரேயத்தில் வாதுமைக்கும் விழித்திருப்பதற்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. அந்த இரண்டையும் சேர்த்துத்தான் அடுத்த வசனம் பேசுகிறது. தமிழில் அந்த ஒலி ஒற்றுமை வராது. பரவாயில்லை. ஓர் இளைஞனை வேலைக்குக் கூப்பிட்ட கையோடு, வசந்தத்தின் முதல் கிளையைக் காட்டியிருக்கிறார் என்பது போதும்.

எங்கள் தெரு வாதாம் அந்த மரம் அல்ல. இது நாட்டு வாதுமை, கடற்கரை மரம், குடும்பமே வேறு. சின்ன வயதில் இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். கல்லால் உடைத்து உள்ளே இருக்கும் மெல்லிய பருப்பைத் தின்றுகொண்டே, எரேமியா பார்த்தது இதைத்தான் என்று தங்கைக்குச் சொல்லியிருக்கிறேன். தாவரவியல்படி தப்பு. ஆனாலும் காலையில் வாசல் திறந்து அந்த மரத்தைப் பார்க்கும்போது, என்ன பார்க்கிறாய் என்ற கேள்வி வருவதை என்னால் நிறுத்த முடியவில்லை.

வெள்ளி

இன்றைய பாடம், சென்னை மாகாணத்தில் பெண்கல்வி. மங்கலான ஜெராக்ஸில் ஒரே ஒரு வரி: 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக மனம் வரவில்லை. "தம்பி, இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லட்டுமா?" என்றேன். "சொல்லுங்கம்மா, ரெக்கார்டு ஓடட்டும்" என்றார்.

எங்கள் பக்கத்துக் கரையான்சாவடியிலிருந்து மேற்கே போகிற பெங்களூர் சாலையிலேயே போனால் ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் வேலூர். வழியில் ராணிப்பேட்டை. அந்தப் பள்ளியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ஆம் தேதி அங்கேதான் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் நியூயார்க் மருத்துவத் தொழிலை விட்டு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியவர். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது கையில் கிடைத்த சிறு பிரசுரத்தைப் படித்து முடிவெடுத்ததாகச் சொல்வார்கள். அவருடைய ஏழு மகன்களும் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். இப்படி ஒரு குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு அழைப்பு தாய்ப்பாலோடு வந்திருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஆறேழு வயதில் 1877-78 பஞ்சத்தைப் பார்த்தவர் ஐடா. வாயில் வைத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டியிருக்கிறார். இந்த ஊரே வேண்டாம், அமெரிக்காவில் ஒரு நல்ல வாழ்க்கை வாழ வேண்டும் என்பதுதான் அந்தப் பெண்ணின் ஆசை. உடம்பு சரியில்லாத தாயைக் கவனிக்க இருபது வயதில் திண்டிவனம் வந்தபோதும் திரும்பிப் போகிற எண்ணத்தோடுதான் வந்தார்.

ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். முதலில் ஒரு பிராமணர், பிறகு ஒரு முஸ்லிம், பிறகு இன்னொரு இந்து. மூவருக்கும் ஒரே காரணம்: வீட்டில் மனைவி பிரசவ வேதனையில். ஐடா சொன்னது: நான் டாக்டர் இல்லை, என் அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன். ஆண் டாக்டரா, வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

ஐடாவின் மறுப்பில் பொய் இல்லை. நிஜமாகவே அவர் டாக்டர் இல்லை. உண்மையான காரணத்தைச் சொல்லித்தான் மறுத்தார். அந்த இரவுக்குப் பிறகு அமெரிக்கா போய், அந்தக் காரணத்தை இல்லாமல் ஆக்கினார். 1899-இல் கார்னெல்லில் மருத்துவப் பட்டம். அடுத்த வருடம் வேலூர். அப்பாவின் பங்களாவில் ஒரு சின்ன அறையில் வைத்தியம். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை. 1909-இல் ஒரு பெஜோ கார் வந்ததும், குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம்.

1918-இல் பள்ளி தொடங்க அனுமதி கேட்டபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே அதிர்ஷ்டம் என்று அரசின் தலைமை மருத்துவ அதிகாரி சொன்னார். வந்தவை 151. முதல் அணியில் 14 பெண்கள் 1922-இல் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947-இல்தான். கதவு தட்டுகிற இரவில் எழுந்து போக இனி ஒருத்தி இருப்பாள் என்பதற்கான ஏற்பாடு அது.

நானும் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறேன். எதிர்ச்சாரி சந்துகளில் லாட்ஜ் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். எங்கெங்கிருந்தோ இரண்டு நாள் ரயிலேறி வந்தவர்கள் ஸ்டவ்வில் சோறு வடித்துக்கொண்டிருப்பார்கள். தட்டிய மூவரில் தொடங்கிய வரிசை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்று படித்துக் காட்டும்போது தோன்றியது.

தம்பி கேட்டார்: "அந்த மூணு பேர் பேரு என்னம்மா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். வந்த ஆண்களின் சாதியும் மதமும் இருக்கிறது, இறந்துபோனவர்களின் பெயர் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பதிவில் அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும்.

வெள்ளி, தொடர்ச்சி

அதன் பிறகு இன்னொன்றும் கேட்டார். இரவு பதினொன்றுக்கு எழுந்து அதை எழுதுகிறேன். "எல்லாக் கதையிலயும் நல்லா இருக்கிறவங்க குடுக்கிறாங்க, நாங்க வாங்கிக்கிறோம். எங்க பக்கத்து ஆள் யாராவது குடுத்ததா இருக்காம்மா?"

மேரி வர்கீஸைப் பற்றிச் சொன்னேன். கொச்சியில் பிறந்தவர், வேலூரில் படித்து டாக்டரானவர். 1954-இல் கார் விபத்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதே வேலூரில் அப்போது பால் பிராண்ட் என்பவர் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். கை அறுவை சிகிச்சைக்கு டாக்டர் நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்து செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கைகளைத் திறந்து தசைநாண்களை மாற்றித் தைத்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் நிறுவி நடத்தினார். 1972-இல் பத்மஸ்ரீ.

"அப்ப லூயி பிரெயில் மாதிரி" என்றார் தம்பி. ஆமாம், அதை நான் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று வயதில் அப்பாவின் பட்டறைக் கருவி குத்திக் கண் இழந்தவர், பதினைந்து வயதில் ஆறு புள்ளிகளைக் கண்டுபிடித்தவர், பாரிஸில் தேவாலயத்து ஆர்கன் வாசித்தவர். அந்தப் புள்ளிகளால் அல்லவா தம்பி அ, ஆ படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பையன்கள் சிலருக்கு அவர் பிரெயில் சொல்லித் தருகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இவ்வளவு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அவரிடம், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதில்லை. இந்த லெந்தில் அறிக்கை செய்ய வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

சனி

என் மறுப்பையும் எழுதிவிட வேண்டும்.

2014 மார்ச். அப்போது இந்தப் படிப்பு விதி இல்லை, யாரும் எழுத்தராகப் போகலாம். இரவு எட்டு மணிக்கு ஒரு போன். வேறொரு பையன், சபை வாலிபர் சங்கத்தில் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலை பரீட்சை, வருவதாகச் சொன்னவருக்குக் காய்ச்சல், நீங்கள் வர முடியுமா? எனக்கு அலுவலகத்தில் வருடக் கணக்கு முடிக்கிற வாரம். அதைச் சொன்னேன். வேறு யாரையாவது பாருங்கள் தம்பி என்றேன். "பரவால்லங்க அம்மா, தொந்தரவு பண்ணிட்டேன், சாரி" என்று வைத்துவிட்டார்.

அவருக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. அந்தத் தாளை நவம்பரில்தான் எழுதினார். நான் சொன்ன காரணமும் உண்மைதான். ஆனால் அரை நாள் விடுப்பு கேட்டுப் பார்க்கவில்லை. இன்னொருவருக்குப் போன் செய்து பார்க்கவில்லை. அலமாரியைப் பூட்டுகிற மாதிரி பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவர் சொன்ன அந்த "சாரி"தான் பன்னிரண்டு மாதம் கழித்து என்னை முதல் மாணவர் வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனது. அதைக் கர்த்தருடைய அழைப்பு என்று சாட்சி சொல்லும் கூட்டத்தில் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஆனால் வேறு எதுவாக இருக்க முடியும்?

திங்கள்

சொற்கள். அழைப்பு என்பது பிரசங்க மேடைச் சொல், கல்யாணப் பத்திரிகைச் சொல்லும்கூட. போகலாம், போகாமலும் இருக்கலாம், மொய் அனுப்பிவிடலாம். வீட்டுச் சொல் "கூப்பிடுறாங்க" என்பதுதான். கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு "தோ வந்துட்டேன்" என்றபடி நகர வேண்டும். எங்கள் பாட்டி இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்.

ஊழியம் இன்னும் கனமான சொல். நாம் "முழுநேர ஊழியம்" என்று பக்தியோடு சொல்கிறோம். அரசு அலுவலகத்திலும் ஊழியர்கள்தான். ஆனால் பழைய திருவிதாங்கூரில் ஏழைச் சாதியாரிடம் கூலி கொடுக்காமல் அடித்து வாங்கிய வேலைக்கும் ஊழியம் என்றே பெயர். எந்தச் சொல்லால் மனிதர்களை நசுக்கினார்களோ அதையே எடுத்து, மனம் ஒப்பிச் செய்கிற சேவைக்கு நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது இரண்டு பொருளும் நினைவிருக்க வேண்டும். இன்றும் பல வீடுகளில், சபைகளில்கூட, ஒருவர் மனம் ஒப்பிச் செய்வதும் இன்னொருவரை வற்புறுத்தி வாங்குவதும் அடுத்தடுத்தே நடக்கின்றன. பெண்கள் சங்கத்தில் யாரிடம் பாத்திரம் கழுவச் சொல்கிறோம் என்று பார்த்தால் தெரியும்.

சாவடி: வழிப்போக்கர் தங்கிப் போகிற இடம். இந்தச் சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று வரிசையாக இருக்கின்றன. கட்டடம் ஒன்றும் மிச்சமில்லை. மேலே மெட்ரோ பாலமும் கீழே ஷேர் ஆட்டோவும்தான். ஆனாலும் நடந்து வருபவருக்கு இங்கே ஒரு நிழல் வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள், அந்த நினைப்பு ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. அடுத்த மெட்ரோ நிறுத்தத்தின் பெயர் முல்லைத் தோட்டம். பூந்தமல்லி, பழைய பூவிருந்தவல்லி அல்லவா. திருக்கச்சி நம்பி இந்த ஊர்க்காரர். இங்கே பூப் பறித்து, மாலை கட்டி, காஞ்சிபுரம் வரதராஜருக்குக் கொண்டுபோனார், பெருமாளுக்கு விசிறி வீசுவதே அவருடைய கைங்கரியம் என்பது வைணவர்கள் போற்றும் வரலாறு. ராமானுஜர் அவரைக் குருவாக மதித்தார். என் வழிபாடு வேறு. ஆனால் வியர்க்கிற ஊரில் விசிறி வீசுவதை வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்ட ஒருவர் இதே மண்ணில் நடந்தார் என்பது எனக்குத் தெம்பாக இருக்கிறது.

புதன்

சாமுவேல் கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நேற்றிரவு படிக்கும்போது இதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது.

சிறுவன் சாமுவேலை இரவில் ஒரு குரல் கூப்பிடுகிறது. அவன் எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் கிழவர். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் எழுந்து ஓடுகிறான். நாங்கள் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வது, "பாருங்க, சாமுவேலுக்குக் கர்த்தருடைய குரல் தெரியல, தப்பா ஏலிகிட்டப் போயிட்டான்" என்று. ஆனால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது: ஏலியின் கண்கள் மங்கி, அவருக்குப் பார்வை தெரியாமல் போயிருந்தது.

அப்படியானால் அந்தப் பையன் ஒவ்வொரு இரவும் எழுந்து போயிருப்பான். தண்ணீருக்கு, போர்வைக்கு, கைபிடித்து வெளியே கூட்டிப்போக. குரல் கேட்டதும் யோசிக்காமல் எழுவது அவன் உடம்பிலேயே ஊறியிருக்கும். அதனால்தான் நடுராத்திரியில் மூன்று முறையும் சலித்துக்கொள்ளாமல் எழுந்தான். அவன் தப்பான இடத்துக்குப் போகவில்லை. கண் தெரியாத ஒரு பெரியவருக்காக எழுந்து பழகாதவனாக இருந்திருந்தால், அந்தக் குரல் கேட்டபோது புரண்டு படுத்திருப்பான். யார் கூப்பிடுகிறார் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்தக் கண் தெரியாத மனிதர்தான். ஏலிக்குக் குறைகள் நிறைய உண்டு. ஆனால் இந்த ஒன்றுக்காக அவரை மதிக்கிறேன்.

இன்னொன்றும். அவ்வளவு பெரிய வார்த்தையை இரவில் கேட்டவன், காலையில் எழுந்து என்ன செய்தான்? ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். தினம் செய்கிற வேலை.

அழைப்பு வந்தால் போகலாம் என்று காத்திருக்கும் வாலிபர்களை நிறையப் பார்க்கிறேன். கன்வென்ஷன் மேடையில் கை தூக்குகிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள். அது நிஜக் கண்ணீர், குறை சொல்லமாட்டேன். அவர்களிடம் எனக்குக் கேட்க வேண்டும் போலிருக்கிறது: வீட்டில் யார் கூப்பிட்டால் எழுந்து போகிறாய்?

பங்குனி, ஒரு மாலை

வாதாம் தளிர்த்துவிட்டது. தம்பியைப் பஸ் ஏற்றிவிடப் போகும்போது மரத்தடியில் நின்றோம். உங்களுக்கு வசந்தம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்ட பிறகு தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று சங்கடப்பட்டேன். அவர் சாதாரணமாகப் பதில் சொன்னார்.

"தொடப்பம் சத்தம் மாறும்மா. போன மாசம் பெருக்கும்போது சரசரன்னு பெரிய சத்தம், இலை காஞ்சு கெடக்கும். இப்ப மண்ணு மட்டும்தான், மெல்லிசா இழுக்கும். அப்புறம் குயில். அப்புறம் வேப்பம்பூ வாசனை, அது ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு வரும். பூ வந்துட்டா எக்ஸாம் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்து இழுத்து அவர் கையில் கொடுத்தேன். நுனியைத் தடவினார். "இது துணி மாதிரி இருக்கு" என்றார். அடி இலையைத் தடவி, "இது செருப்புத் தோல் மாதிரி" என்றார். என்ன பார்க்கிறாய் என்ற கேள்விக்கு இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் இவ்வளவு சரியாகப் பதில் சொன்னதில்லை.

பெரிய வியாழன்

கால் கழுவும் ஆராதனை. பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக என்னையும் உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஆயர் குனிந்து என் காலைத் தொட்டபோது கூசியது. பேதுரு ஏன் வேண்டாம் என்றார் என்று புரிந்தது. வெடித்த குதிகால், பழைய மெட்டி.

கழுவுவதற்கு நான் தயாராக இருக்கிறேன். கழுவப்படுவதற்கு இன்னும் இல்லை.

ஈஸ்டர் திங்கள்

நேற்று விடியற்காலை நாலரைக்கு ஆராதனை. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்திகள், காற்றே இல்லை, ஒன்றுகூட அணையவில்லை. வேம்பு பூத்துவிட்டது. இன்னும் சில நாளில் சித்திரை. பக்கத்து வீட்டு மாமி பச்சடிக்குப் பூ கேட்டிருக்கிறார், மாடியில் துணி விரித்து வைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், உடற்கூற்று நூல்களையும் அறுவை மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார் என்று எங்கோ குறித்து வைத்திருந்தேன். இன்று அந்தத் தாள் கையில் அகப்பட்டது. தன் மாணவர்களுக்கு எந்த மொழியில் சொன்னால் புரியுமோ அந்த மொழியைக் கற்றுக்கொண்டு சொன்னவர். தம்பிக்கும் அதைச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு வராது, ஆனாலும்.

காலை ஒன்பதுக்கே அவர் போன். "அம்மா, புதுசா ஒரு நோட்ஸ் குடுத்திருக்காங்க, அறுபது பக்கம். எல்லாம் பழைய ஃபான்ட். வியாழக்கிழமை எக்ஸாம். உங்களால..." என்று இழுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி ஜெராக்ஸ் வாங்கிவரச் சொன்னேன். மதியத்திலிருந்து படித்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். விஜயநகரம் முடிந்தது, நாயக்கர்கள் நடக்கிறார்கள். தெருவில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நிறுத்தி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்து மூன்றாம் பக்கத்தில் தொண்டை கட்டியது. சீரகத் தண்ணீர் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கொதித்துவிட்டது. இருபத்து நாலாம் பக்கம்.